சாம்பிள் ஆர்கெஸ்ட்ராவை மிக்ஸ் செய்வது எப்படி: ஈக்யூவுக்கு முன்னும் பின்னும்

சாம்பிள் லைப்ரரியை, அதாவது நிஜ வாத்தியங்களின் சுரங்களைப் பதிந்து வைத்த மென்பொருள் தொகுப்பைத் திறந்து செல்லோவை மட்டும் வாசித்துப் பார்த்தால் மனம் நிறைந்துவிடுகிறது. வயலினும் அப்படித்தான், ஹார்னும் அப்படித்தான். எல்லாவற்றையும் சேர்த்து எட்டு பார் எழுதி ஓடவிட்டால் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. உடனே கை ஈக்யூவை (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) நோக்கிப் போகும். அங்கே கொஞ்சம் பொறுங்கள். இந்த வழிகாட்டியில் ஈக்யூ ஏழாவது படியாகத்தான் வருகிறது. முதல் ஆறு படிகளைச் சரியாகச் செய்தால் ஏழாவதில் பாதி வேலை தானாகவே காணாமல் போய்விடும்.

அந்த மந்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நிஜ ஆர்கெஸ்ட்ராவில் எண்பது பேர் வாசித்தாலும் கூடம் ஒன்றுதான். எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டு இடம் விட்டு வாசிக்கிறார்கள். ஓபோ தனியாகப் பாட வரும்போது வயலின்காரர்கள் வில்லின் அழுத்தத்தைத் தாமாகவே குறைப்பார்கள். சாம்பிளிலோ ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாக, ஒவ்வொரு சுரமாக, தனியே கேட்டால் அழகாக இருக்கும்படி பதிவு செய்திருக்கிறார்கள். கூடத்தின் முழக்கமும் ஒவ்வொரு பதிவிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பத்து ட்ராக் ஓடினால் பத்து கூடம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். இரைச்சலும் அதே கதைதான்: ஒரே அளவு இரைச்சல் உள்ள பத்து ட்ராக்கைக் கூட்டினால் இரைச்சல் 10 டெசிபல் ஏறும். தனியாகக் கேட்கும்போது காதுக்கே எட்டாத 'உஸ்' சத்தம் கூட்டத்தில் தலைகாட்டுவது இதனால்தான்.

படி 1: காதையும் ஒலியளவையும் தயார் செய்தல்

ஸ்பீக்கரிலோ ஹெட்ஃபோனிலோ ஒரு ஒலியளவைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குமிழைத் தொடாமல் வேலை செய்யுங்கள். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியதுபோல, மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குக் கீழ் ஒலிகள் குறைவாகவே எட்டும். இரவில் சத்தம் குறைத்து வைத்து பேஸைக் கூட்டிவிட்டு, காலையில் சத்தமாகக் கேட்டால் டபுள் பேஸ் அறையையே ஆட்டும்.

அடுத்து, நிஜ ஆர்கெஸ்ட்ரா வாசித்த நல்ல பதிவுகள் இரண்டு மூன்றை ஒரு தனி ட்ராக்கில் போட்டு வையுங்கள். உங்கள் மிக்ஸின் அளவுக்கு அவற்றின் ஒலியைக் குறைத்துக்கொள்வது முக்கியம். சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பதாகவே தோன்றும். முதல் ஒப்பீட்டில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. நிஜப் பதிவில் பேஸ் நாம் நினைத்ததைவிடக் குறைவு, வயலின்கள் நாம் நினைத்ததைவிடத் தள்ளி இருக்கின்றன, மொத்தத்தில் மினுமினுப்பும் குறைவு.

ஃபேடர்களை (ட்ராக்கின் ஒலியளவு நகர்த்திகளை) எல்லாம் இறக்கி, உச்சகட்டப் பகுதியில் மாஸ்டரின் (எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி வெளியீட்டின்) உச்சம் பூஜ்யத்துக்குக் கீழே 8 முதல் 10 டெசிபல் தள்ளி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கெஸ்ட்ராவில் மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. மெல்லிய பகுதியை வைத்து அளவு பார்த்தால் பின்னால் தலை இடிக்கும்.

படி 2: மிக்ஸுக்கு முன் வாசிப்பு

இதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். நீண்ட சுரங்களுக்கான சாம்பிள்களில் மாடுலேஷன் வீல், அதாவது சிசி 1 (சிசி என்பது கீபோர்டிலிருந்து போகும் மிடி கட்டுப்பாட்டு எண்), வெறும் ஒலியளவைத் திருப்புவதில்லை. மெதுவாக வாசித்த பதிவிலிருந்து பலமாக வாசித்த பதிவுக்கு மெல்ல மாற்றுகிறது. ஒலியின் நிறமே மாறும். ட்ரம்பெட்டை ஓங்கி ஊதும்போது மேல் ஹார்மோனிக்குகள் (அடிச் சுரத்தின் மடங்குகளான அதிர்வெண்கள்) பொங்கி எழும். மெல்ல ஊதும்போது அவை அநேகமாக இருக்கவே இருக்காது. சிசி 11, அதாவது எக்ஸ்பிரஷன், நிறத்தைத் தொடாமல் அளவை மட்டும் மாற்றும். சிசி 7 ட்ராக்கின் பொது ஒலியளவு. அதை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

இங்கிருந்து ஒரு விதி பிறக்கிறது. ட்ராக் மந்தமாகக் கேட்டால் முதலில் சிசி 1 எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 127இல் 40ஐச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தால் அது மெல்ல ஊதிய ஹார்ன். அதில் 3 கிலோஹெர்ட்ஸை ஈக்யூவில் எத்தனை கூட்டினாலும் வருவது இரைச்சல்தான். பதிவில் இல்லாத ஹார்மோனிக்கை ஈக்யூ உண்டாக்காது. வீலை 80க்கு ஏற்றி, சத்தம் கூடினால் சிசி 11ஐக் குறையுங்கள். நேர்மாறாக, வயலின்கள் கீச்சிட்டால் அவை எல்லா இடத்திலும் 110க்கு மேலே கத்திக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, வாசிப்பும் ஒழுங்காக இருக்கிறது, இன்னும் ஒரு வாத்தியம் கேட்கவில்லை என்றால்? எழுத்தைச் சந்தேகியுங்கள். ஃப்ளூட்டின் அடிப்பகுதி, நடு சியிலிருந்து மேலே ஐந்தாறு சுரங்கள், இயல்பிலேயே மெலிந்தது. அதே உயரத்தில் வயோலாக்களும் இரண்டாம் வயலின்களும் நீண்ட சுரம் பிடித்தால் நிஜக் கூடத்திலும் ஃப்ளூட் மூழ்கிப்போகும். அதை ஒரு ஆக்டேவ் மேலே தூக்கிவிட்டால் ஃபேடரையே தொட வேண்டாம். ஒருமுறை செல்லோவின் 'கலங்கலை' நீக்க இரண்டு மாலைப் பொழுதுகளை ஈக்யூவோடு கழித்தேன். கடைசியில் பார்த்தால், அதே ஆக்டேவில் ஹார்ன்கள் நான்கும் நெருக்கமான கார்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு சுரத்தை எடுத்தேன், கலங்கல் தெளிந்தது.

இன்னொன்று, நேரம். லெகாட்டோ (சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிக்கும்) சாம்பிள்களில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குச் சறுக்கும் ஒலியும் பதிவாகியிருப்பதால், நீங்கள் அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்தே புதுச் சுரம் நிலைபெறும். லைப்ரரியைப் பொறுத்து இது 60 மில்லி விநாடியிலிருந்து 300 வரை போகலாம். அதனால் மிக்ஸ் 'இழுவையாக' ஒலிக்கும், நாம் அதை மந்தம் என்று தவறாக எடுத்துக்கொள்வோம். ட்ராக்கின் தாமத அமைப்பில் எதிர்மறை மதிப்பு கொடுத்து முன்னால் இழுங்கள். லைப்ரரியின் கையேட்டில் இந்த எண் பெரும்பாலும் இருக்கும்.

படி 3: பஸ் அமைப்பு

நரம்பு வாத்தியங்கள், மர ஊதுகுழல்கள், பித்தளை ஊதுகுழல்கள், தாள வாத்தியங்கள், ஹார்ப்-பியானோ வகை என்று ஐந்து பஸ், அதாவது ட்ராக்குகளைக் குழுவாகச் சேர்க்கும் வழி. ஒவ்வொன்றிலும் நீண்ட சுரங்களும் குறுகிய சுரங்களும் தனித்தனி ட்ராக்காக இருக்கட்டும். ஸ்பிக்காட்டோவுக்கும் (வில் துள்ளும் குறுகிய சுரம்) லெகாட்டோவுக்கும் தாமதம் வேறு, தேவைப்படும் ரிவெர்ப் (செயற்கைக் கூட முழக்கம்) வேறு, சில சமயம் ஈக்யூவும் வேறு. ஒரே ட்ராக்கில் கீஸ்விட்ச் (வாசிப்பு வகையை மாற்றும் விசை) போட்டு எழுதுவது வேகம்தான், ஆனால் மிக்ஸுக்கு வரும்போது கை கட்டப்பட்டுவிடும்.

படி 4: மைக் தேர்வு

பெரிய லைப்ரரிகளில் ஒரே வாசிப்பை நான்கைந்து இடங்களிலிருந்து பதிவு செய்திருப்பார்கள். வாத்தியத்துக்கு அருகே வைத்தது, நடத்துநரின் தலைக்கு மேலே தொங்குவது, மேடையின் இரு ஓரங்களில் இருப்பது, கூடத்தின் பின்னால் இருப்பது என்று. தலைக்கு மேலே இருப்பதைத்தான் டெக்கா ட்ரீ என்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர்கள் உருவாக்கிய முறை அது: எல்லாத் திசையிலும் கேட்கும் மூன்று மைக்குகள், முக்கோணமாக.

ட்ரீயை மட்டும் வைத்து முழு மிக்ஸையும் ஒரு சுற்று நிறுத்துங்கள். பெரும்பாலான இசைக்கு அதுவே உடம்பு. அப்புறம் எந்த வாத்தியத்தின் விளிம்பு மங்கலாக இருக்கிறதோ அதற்கு மட்டும் அருகு மைக்கைக் கீழிருந்து மெல்ல ஏற்றி, 'இப்போதுதான் கேட்கிறது' என்ற புள்ளிக்கு ஒரு டெசிபல் கீழே விடுங்கள். டபுள் பேஸ், ஸ்பிக்காட்டோ, ஹார்ப் ஆகியவை இதனால் உடனே பலன் பெறும். பின் மைக்கை எல்லாவற்றிலும் திறந்து வைத்தால் மேலே சொன்ன பத்துக் கூடச் சிக்கல் இரட்டிப்பாகும். என் வழக்கம், அதைப் பித்தளைக்கும் பெரிய தாளங்களுக்கும் மட்டும் திறப்பது.

ஒரு எச்சரிக்கை. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் பயணிக்கிறது. வாத்தியத்திலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள மைக்குக்கு அது போய்ச்சேர 29 மில்லி விநாடி. அருகு மைக்கும் ட்ரீயும் சம அளவில் கலந்தால் இந்த இடைவெளியில் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கும், ஒலி உள்ளீடற்றதாக மாறும். ஒன்று எஜமான், மற்றது உதவியாள் என்று 6 டெசிபலாவது வித்தியாசம் வையுங்கள்.

படி 5: இருக்கையும் பேனும்

இன்று பரவலான இருக்கை அமைப்பில் இடமிருந்து வலமாக முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ. செல்லோவுக்குப் பின்னால் டபுள் பேஸ். நடுவில் மர ஊதுகுழல்கள். பின்னால் பெரும்பாலும் இடப்பக்கம் ஹார்ன், வலப்பக்கம் ட்ரம்பெட், ட்ராம்போன், ட்யூபா. டிம்பனி நடுவிலோ சற்றே இடத்திலோ.

வாத்தியக்காரர்கள் தங்கள் இருக்கையிலேயே உட்கார்ந்து வாசித்த லைப்ரரி என்றால் இந்த இடம் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. மேற்கொண்டு பேன் செய்யாதீர்கள், அதாவது ஒலியை இடம்-வலமாக நகர்த்தாதீர்கள். ஸ்டீரியோ ட்ராக்கில் சாதாரண பேன் குமிழைத் திருப்பினால் பல மென்பொருள்களில் ஒரு பக்கத்தின் அளவு குறையுமே தவிர ஒலி நகராது. வலப்பக்கக் கூடத்தைத் தூக்கி எறிந்ததுபோல் ஆகும். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் இரு சேனல்களையும் தனித்தனியாக நகர்த்தும் ஸ்டீரியோ பேனைப் பயன்படுத்தி, அகலத்தையும் குறுக்குங்கள். வறண்ட, அதாவது எதிரொலி குறைந்த, அறையில் நடுவில் உட்காரவைத்துப் பதிந்த லைப்ரரிக்குத்தான் பேன் முழுவதும் உங்கள் பொறுப்பு. அங்கேயும் எதையும் கடைக்கோடிக்குத் தள்ள வேண்டாம். முதல் வயலின் பாதி இடம், பேஸ் பாதி வலம், மற்றவை இடையில் என்றாலே போதும்.

படி 6: ஆழம்

இடம்-வலத்தைவிட முன்-பின்தான் ஆர்கெஸ்ட்ராவை ஆர்கெஸ்ட்ராவாகக் காட்டுவது. தூரத்தை நம் காது நான்கு குறிப்புகளால் அறிகிறது: சத்தம் குறைவு, நேரடி ஒலியைவிட எதிரொலி அதிகம், மேல் ஒலிகள் சற்று மழுங்கல், நேரடி ஒலிக்கும் முதல் எதிரொலிக்கும் இடையே குறைந்த இடைவெளி. கடைசியாகச் சொன்னதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். அருகிலிருப்பவரின் குரல் நேராக வந்து சேர்ந்துவிடும், சுவரில் பட்ட ஒலி வெகுநேரம் கழித்துத்தான் வரும். தொலைவில் இருப்பவருக்கு இரண்டும் அநேகமாகச் சேர்ந்தே வரும். ஆகவே ரிவெர்பின் ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) முன்வரிசைக்குக் கூடுதல், பின்வரிசைக்குக் குறைவு. நரம்புக்கு 25 மில்லி விநாடி, மர ஊதுகுழலுக்கு 15, பித்தளைக்கு 8, தாளத்துக்கு 3 அல்லது 0 என்று தொடங்கிப் பாருங்கள்.

மேல் ஒலி மழுங்குவதில் மிகைப்படுத்த வேண்டாம். சாதாரண அறைச் சூழலில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி 15 மீட்டர் காற்றைக் கடந்தால் காற்று உறிஞ்சுவது இரண்டு டெசிபல் வாக்கில்தான். பின்வரிசைக்கு 7-8 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும் ஷெல்ஃப் (அதற்கு மேலுள்ள எல்லா ஒலிகளையும் சேர்த்து மாற்றும் ஈக்யூ வடிவம்) ஒன்றில் 2 டெசிபல் குறைத்தால் போதும். ஹார்ன் மட்டும் ஒரு தனிப்பிறவி. அதன் வாய் பின்னோக்கித் திரும்பியிருப்பதால் நாம் கேட்பதில் பெரும்பங்கு பின்சுவரில் பட்டு வருவது. ஹார்னுக்கு ரிவெர்ப் கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம். அதை நன்றாக 'முன்னால் கொண்டுவந்து' வைத்தால் பொய்யாக ஒலிக்கும்.

ரிவெர்ப் எவ்வளவு நீளம்? வியன்னாவின் முசிக்ஃபெரைன், 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் போன்ற புகழ்பெற்ற கூடங்களில் ஆள் நிறைந்திருக்கும்போது முழக்கம் அடங்க ஆகும் நேரம் 2 விநாடியைச் சுற்றித்தான். உங்கள் ரிவெர்பும் 1.8 முதல் 2.3 விநாடிக்குள் இருக்கட்டும். வேகமான பகுதிக்கு இன்னும் குறைவு.

ஈரமான லைப்ரரிக்கு, அதாவது கூடத்தின் ஒலியோடு பதிந்ததற்கு, வால் (முழக்கம் மெல்ல அடங்கும் கடைசிப் பகுதி) மட்டுமே தேவை. ரிவெர்பில் தொடக்க எதிரொலிகளை அணைத்துவிட்டு, எல்லா பஸ்ஸிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே வாலுக்கு அனுப்புங்கள். தனித்தனி ட்ராக்குகளை ஒட்டும் பசை அதுதான். வறண்ட லைப்ரரிக்குத் தொடக்க எதிரொலியும் வாலும் இரண்டும் வேண்டும். கன்வல்யூஷன் ரிவெர்ப் (நிஜக் கூடத்தில் பதிந்ததிலிருந்து முழக்கத்தை உண்டாக்குவது) ஒன்றைத் தொடக்க எதிரொலிக்கும் அல்காரிதம் ரிவெர்ப் (முழக்கத்தைக் கணக்கால் உண்டாக்குவது) ஒன்றை வாலுக்கும் வைப்பது நல்ல கூட்டணி. இரு வகையையும் ஒரே பாட்டில் கலந்தால், வறண்டதற்கு முதலில் தொடக்க எதிரொலி கொடுத்து ஈரமானதின் அருகே கொண்டுவாருங்கள், பிறகே பொதுவான வால்.

ரிவெர்ப் திரும்பிவரும் ட்ராக்கில் ஒரு ஈக்யூ போட்டு 180-200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் மெல்லச் சரியவிடுங்கள். பல மிக்ஸ்களில் மந்தத்தைப் போக்கும் ஒரே ஈக்யூ இதுவாகத்தான் இருக்கும்.

படி 7: ஈக்யூ

இப்போது கத்தியை எடுக்கலாம். ஒரு நிபந்தனை: ஸோலோ பட்டனை (ஒரு ட்ராக்கை மட்டும் ஒலிக்கவிடுவது) அழுத்திக்கொண்டு ஈக்யூ செய்யக்கூடாது. பிரச்சினை கூட்டத்தில்தான் பிறந்தது, தீர்ப்பும் கூட்டத்தில்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒலியளவைச் சமப்படுத்திவிட்டு ஈக்யூவை அணைத்து அணைத்துக் கேளுங்கள். வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

முதலில் அடியை ஒதுக்குதல். வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்துக்குக் கீழே இசை கிடையாது. கூடத்தின் உறுமலும் காலடிச் சத்தமும் ஏர்கண்டிஷனரும்தான். அதற்காகச் சரியாக அந்தச் சுரத்திலேயே வெட்டினால் வில் விழும் அடியும் மரப்பெட்டியின் உயிரும் போய்விடும். தாழ்ந்த சுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அதிர்வெண்ணில், ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவுள்ள ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ் ஒலிகளை வெட்டுவது) வைக்கிறேன். கணக்கு இப்படி வரும்:

வயலின்: தாழ்ந்த சுரம் 196 ஹெர்ட்ஸ், ஃபில்டர் 130
வயோலா: 131, ஃபில்டர் 87
செல்லோ: 65, ஃபில்டர் 44
டபுள் பேஸ்: 41, ஃபில்டர் 27 (இன்னும் தாழ்ந்து 'சி' சுரம்வரை போகும் வாத்தியம் என்றால் 22)
ஃப்ளூட்: 262, ஃபில்டர் 175
ஓபோ: 233, ஃபில்டர் 155
கிளாரினெட்: 147, ஃபில்டர் 98
பஸ்ஸூன்: 58, ஃபில்டர் 39
ட்ரம்பெட்: 165, ஃபில்டர் 110
டெனார் ட்ராம்போன்: 82, ஃபில்டர் 55

பகுதி முழுக்க வயலின் உயரத்தில்தான் பாடுகிறது என்றால் இன்னும் மேலே ஏற்றலாம், ஆனால் அந்த உறுமல் நிஜமாகவே தொந்தரவு செய்தால் மட்டும். டிம்பனி, பெரிய டிரம், ஹார்ப் ஆகியவற்றில் ஃபில்டர் வைக்காமல் விடுவதே மேல்.

அடுத்து 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை உள்ள சந்தை. செல்லோ, வயோலா, ஹார்ன், பஸ்ஸூன், ட்ராம்போன், கிளாரினெட்டின் அடி எல்லாம் இங்கேதான் கூடுகின்றன. கூடத்தின் முழக்கமும் இங்கேதான் தேங்குகிறது. எல்லா ட்ராக்கிலும் 300ஐக் குறைப்பது சுலபமான வழி, அப்படிச் செய்தால் ஆர்கெஸ்ட்ரா எலும்பும் தோலுமாகிவிடும். இதைவிட நல்ல வழி, இந்தப் பகுதியில் யார் வீட்டுக்காரர் என்று முடிவு செய்வது.

ஊதுகுழல்களுக்கு, எந்தச் சுரம் வாசித்தாலும் நகராமல் பலமாக இருக்கும் ஒரு பட்டை உண்டு. குரலுக்கு 'ஆ', 'ஓ' என்ற உயிரெழுத்தின் நிறம்போல. ஹார்னுக்கு அது 340 ஹெர்ட்ஸ் வாக்கில், பஸ்ஸூனுக்கு 500, ட்ராம்போனுக்கு 500-600, ஓபோவுக்கு 1100ஐச் சுற்றியும் 2700ஐச் சுற்றியும், ட்ரம்பெட்டுக்கு 1200-1500. இந்த இடங்களில் கைவைத்தால் வாத்தியம் தன் முகத்தை இழக்கும். ஹார்ன் பாடும் இடத்தில் கலங்கல் என்றால் ஹார்னின் 340ஐத் தொடாதீர்கள். அதே நேரத்தில் பின்னணியில் இருக்கும் செல்லோவிலும் வயோலாவிலும் 320-350ஐ அகலமாக, க்யூ மதிப்பு (பட்டையின் அகலத்தைக் குறிப்பது) 1 அளவில், 2 டெசிபல் குறையுங்கள். ஓபோ மூழ்கினால் ஓபோவைத் தூக்காமல் வயலின் பஸ்ஸில் 1.1 கிலோஹெர்ட்ஸை ஒன்றரை டெசிபல் தாழ்த்துங்கள். பாடுபவர் மாறும்போது இந்த மாற்றமும் மாற வேண்டும், ஆகவே ஆட்டோமேஷனில் (மாற்றங்களை நேரத்தோடு பதிந்து வைக்கும் வசதியில்) எழுதுங்கள். நிஜ வாத்தியக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வதை நாம் கையால் செய்கிறோம்.

இனி வயலின். சாம்பிள் வயலின்களைப் பற்றி எல்லோருக்கும் உள்ள குறை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் வரும் கீறல். வயலினின் பிரிட்ஜ் இயல்பாகவே 2-3 கிலோஹெர்ட்ஸைத் தூக்கிக் கொடுக்கும், ஒளியும் அதுவே. நிரந்தரமாக அங்கே 4 டெசிபல் வெட்டினால் உச்சத்தில் இதமாக இருக்கும், மெல்லிய பகுதியில் வயலின் மூடிய கதவுக்குப் பின்னால் போய்விடும். டைனமிக் ஈக்யூ இதற்கென்றே பிறந்தது. 3 கிலோஹெர்ட்ஸில் அகலமான பட்டை, பலமான இடங்களில் மட்டும் விழித்தெழும்படி த்ரெஷோல்டு (செயல்படத் தொடங்கும் அளவு), அதிகபட்சம் 3 டெசிபல் இறக்கம். மேலே காற்றோட்டம் வேண்டுமென்றால் 10 கிலோஹெர்ட்ஸ் ஷெல்ஃபில் ஒரு டெசிபல், பிறகு மௌனமான இடத்துக்குப் போய் 'உஸ்' கூடிவிட்டதா என்று கேளுங்கள்.

சாம்பிளுக்கே உரிய நோய் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெட்டு ஓடும்போது ஒரே ஒரு சுரம் மட்டும் ஒவ்வொரு முறையும் துருத்திக்கொண்டு வரும். நிஜ ஒலிப்பதிவில் அது அறையின் அதிர்வாக இருக்கலாம். சாம்பிளில் பெரும்பாலும் அந்த ஒரு சுரத்தின் பதிவு சற்றுச் சத்தமாக விழுந்துவிட்டதுதான் காரணம். இதற்கு ஈக்யூவில் அந்த அதிர்வெண்ணை வெட்டினால், அதே அதிர்வெண்ணை ஹார்மோனிக்காகக் கொண்ட மற்றச் சுரங்களும் சேர்ந்து அடிபடும். 220 ஹெர்ட்ஸில் வைத்த வெட்டு, 110 ஹெர்ட்ஸ் சுரத்தின் இரண்டாம் ஹார்மோனிக்கையும் தின்னும். அந்தச் சுரம் வரும் இடத்தில் சிசி 11ஐ இரண்டு மூன்று புள்ளி இறக்குவதே சரியான மருந்து. குறுகிய சுரம் என்றால் வெலாசிட்டியை (விசையை அழுத்தும் வேகத்தின் எண்) இறக்குங்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த மெட்டை அரைச் சுரம் மேலே நகர்த்திப் பாருங்கள். துருத்தல் மெட்டோடு சேர்ந்து நகராமல் அதே சுரத்தில் நின்றால் குற்றவாளி சாம்பிள், அல்லது உங்கள் அறை. ஹெட்ஃபோனிலும் அப்படியே கேட்டால் அறை தப்பித்தது.

குறுகிய பட்டையைப் பலமாக உயர்த்தி இடமும் வலமுமாகத் துழாவி 'கெட்ட அதிர்வெண்' தேடும் பழக்கமும் உண்டு. 12 டெசிபல் உயர்த்தினால் எந்த அதிர்வெண்ணும் அசிங்கமாகத்தான் ஒலிக்கும். அப்படித் தேடித் தேடி வெட்டிய ட்ராக்குகளை நிறையக் கேட்டிருக்கிறேன். என்னுடையவையும் அதில் சேர்த்தி. முதலில் காதால் குறை இன்னது என்று பெயர் சொல்ல முடிய வேண்டும், அதன் பிறகே துழாவல்.

மற்றவற்றைச் சுருக்கமாக: டபுள் பேஸின் வில் நுனி தெளிவாக 700 முதல் 1000 ஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபல், சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் கேட்கும். பித்தளை காதைக் குத்தினால் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஷெல்ஃபில் 2 டெசிபல் இறக்கம், அதோடு ரிவெர்ப் சற்றுக் கூடுதல். பின்னால் போய் உட்காரும். டபுள் பேஸ், டிம்பனி, பெரிய டிரம் மூன்றும் ஒன்றாக வரும் இடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே யாராவது ஒருவர்தான் ஆள வேண்டும். கிளாரினெட்டைப் பெரும்பாலும் தொடவே வேண்டியதில்லை.

படி 8: கம்ப்ரஷனும் மாஸ்டரும்

கம்ப்ரஸர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மாடுலேஷன் வீலால் நீங்கள் வளைத்து வளைத்து எழுதிய ஏற்ற இறக்கத்தை அது தட்டையாக்கும். பெரிய தாளங்களின் பஸ்ஸில் மட்டும், 2-க்கு-1 விகிதத்தில், ஓரிரு டெசிபல் இறங்கினால் போதும். மற்ற இடங்களில் ஃபேடர் ஆட்டோமேஷனே நல்ல கம்ப்ரஸர்.

மாஸ்டரில் ஒரு லிமிட்டர் (உச்சம் எல்லை தாண்டாமல் தடுப்பது), உண்மை உச்சம் -1 டெசிபல். ஐரோப்பிய ஒலிபரப்பு விதியான ஆர்128 கேட்பது -23 லுஃப்ஸ் (காதுக்குத் தோன்றும் சராசரி சத்தத்தின் அளவு). ஸ்ட்ரீமிங் தளங்கள் பலவும் -14ஐச் சுற்றிச் சமப்படுத்துகின்றன. ஆர்கெஸ்ட்ராவை -14க்கு இடித்துத் தள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. -18 அல்லது -20இல் நின்றால் மெல்லிய பகுதியும் உச்சமும் தத்தம் அளவில் இருக்கும்.

படி 9: கடைசிப் பரிசோதனை

மோனோவில் (இரு சேனல்களையும் ஒன்றாக்கி) கேளுங்கள். ஏதாவது ஒரு குழு சட்டென்று மெலிந்தால் மைக் கலவையில் அழிப்பு நடக்கிறது, நான்காம் படிக்குத் திரும்புங்கள். ஒலியளவை மிகவும் குறைத்துக் கேளுங்கள். மெட்டு மட்டும் கேட்டால் நல்லது, வேறு ஏதோ கேட்டால் அதுதான் அதிகம். பிறகு ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் முதலில் ஒப்பீட்டுப் பதிவைக் கேட்டுவிட்டு உங்களுடையதைக் கேளுங்கள். திருத்தத் தோன்றுவதைத் தாளில் எழுதிக்கொண்டு, முழுவதும் ஓடி முடிந்த பிறகே மவுஸைத் தொடுங்கள்.

ஏற்றுமதி செய்யும்போது ஐந்து பஸ்ஸையும் தனித்தனி ஃபைலாகவும் எடுத்து வையுங்கள், ரிவெர்பையும் தனியாக. ஏற்றுமதியின் எல்லையைக் கடைசிச் சுரத்தோடு நிறுத்தாமல் ஐந்தாறு விநாடி தள்ளி வையுங்கள். வால் முழுதாக அடங்கட்டும்.